பரணில் கிடக்கும் சுவிட்ச்

ஃபைபர் இணைப்பு வந்த வீடுகளில் பழைய ரவுட்டர் பரணுக்குப் போய்விடுகிறது. இணைப்பு கொடுக்க வந்தவர் தங்கள் நிறுவனத்துப் பெட்டியையே சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார். வைஃபையும் அதிலேயே இருப்பதால் பழையதற்கு வேலை இல்லை. அடாப்டர் வயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, கைப்பிடி உடைந்த மிக்சி ஜாரோடு சேர்த்து மேலே ஏற்றிவிடுகிறோம்.

சில மாதம் கழித்துத் தேவைகள் ஒவ்வொன்றாக முளைக்கின்றன. டிவியில் படம் நின்று நின்று வருகிறது, அதற்கு ஒரு கேபிள் இழுத்தால் தேவலை. வாசல் கேமராவின் ரெக்கார்டருக்கு ஒரு கேபிள். மகளின் கணினிக்கு ஒன்று. ஃபைபர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதில் இருப்பதே ஒன்றிரண்டு துளைகள். “ஒரு சுவிட்ச் வாங்கிப் போட்டுடுங்க சார்” என்கிறார் கடைக்காரர்.

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் பரணில் கிடப்பதும் ஒரு சுவிட்ச்தான். பழைய ரவுட்டரை சுவிட்சாக மாற்றுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மாற்றுவதற்கு உண்மையில் ஒன்றுமே இல்லை. தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே அதற்குள் ஒரு முழு சுவிட்ச் இருக்கிறது. அதன் தலைமேல் ஏற்றி வைத்திருக்கும் மற்ற வேலைகளை இறக்கி வைத்தால் போதும். எந்த வேலைகளை, ஏன், எந்த வரிசையில் இறக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்குப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

திறந்து பார்க்க ஏற்றது, 2002ஆம் ஆண்டின் கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் கொண்டுவந்த டபிள்யூ.ஆர்.டி.54ஜி. நீலமும் கறுப்புமான பெட்டி, பின்னால் இரண்டு ஆன்டெனா. வீட்டு ரவுட்டர்களிலேயே இதைப் போல் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்க்கப்பட்ட மாடல் வேறில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதற்குள் ஓடிய மென்பொருள் லினக்ஸ். லினக்ஸின் உரிமத்தின்படி, அதை வைத்துப் பொருள் விற்பவர் மூலநிரலைக் கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். ஆர்வலர்கள் கேட்டார்கள். 2003இல் நிறுவனம் நிரலை வெளியிட வேண்டியதாயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. என்னும் இலவச மென்பொருள். அந்தப் பெயரின் பின்பாதி இந்தப் பெட்டியிலிருந்து வந்ததே.

மூடியைக் கழற்றினால் பின்பக்கம் ஐந்து துளைகள் வரிசையாகத் தெரியும். நான்கின் மேல் 1, 2, 3, 4 என்று எண்கள், ஒன்றின் மேல் ‘இன்டர்நெட்’ என்ற பெயர். துளைகளுக்கு ஒட்டினாற்போல் கறுப்புக் கட்டியாக இருப்பது நுண்ணிய மின்மாற்றிகளின் தொகுப்பு. கேபிள் வழியாக வரும் சமிக்ஞை இங்கே காந்தப்புலத்தின் வழியாக மட்டுமே அடுத்த பக்கம் தாவும். செம்புக்குச் செம்பு நேர்த்தொடர்பு கிடையாது. அதைத் தாண்டினால் சுவிட்ச் சிப். இந்த மாடலின் ஆரம்பப் பதிப்புகளில் அது தனிச் சிப்பாகப் பலகையில் உட்கார்ந்திருக்கும். பிந்தைய பதிப்புகளில் முதன்மைச் சிப்புக்குள்ளேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கு அப்பால் செயலி, நினைவகம், வைஃபைப் பகுதி.

கவனிக்க வேண்டியது சுவிட்ச் சிப்பை. அதற்கு ஆறு வாசல்கள். ஐந்து வெளியே நமக்குத் தெரியும் துளைகளுக்குப் போகின்றன. ஆறாவது பலகைக்குள்ளேயே செயலிக்குப் போகிறது. ஆக, ‘இன்டர்நெட்’ என்று பெயர் எழுதிய துளையும் மற்ற நான்கும் ஒரே சிப்பில்தான் முடிகின்றன. மின்னணுவியலில் அந்த ஐந்துக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. வேறுபாட்டை உண்டாக்குவது மென்பொருள். ஒன்று முதல் நான்கு வரையான துளைகளும் செயலியும் ஒரு கூட்டம், இன்டர்நெட் துளையும் செயலியும் இன்னொரு கூட்டம், இரண்டு கூட்டமும் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது என்று சிப்புக்கு அது கட்டளை கொடுக்கிறது. இப்படி ஒரே சுவிட்சைப் பல தனி சுவிட்சுகளாகப் பிரித்து நடத்தும் முறைக்கு வீலேன் என்று பெயர். அதன் பொதுத்தரம் 1998இல் வந்தது. இரு கூட்டத்திலும் உறுப்பினராக இருப்பது செயலி ஒன்றுதான் என்பதால், வீட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே போகிற ஒவ்வொரு தகவல் பொட்டலமும் அதன் கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ரவுட்டர் ரவுட்டராக இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். மின்சாரம் கொடுத்த முதல் சில நொடிகளில், மென்பொருள் கண்விழித்துக் கட்டளை கொடுப்பதற்கு முன், ஐந்து துளைகளும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். பாதுகாப்பு வல்லுநர்களுக்கு இது தலைவலி. நமக்கோ நல்ல தடயம். யாரும் எதுவும் சொல்லாதபோது இந்தச் சிப் வெறும் சுவிட்சாகத்தான் இருக்கிறது.

செயலியின் வலிமையையும் பார்த்துவிடலாம். இந்த மாடலின் இரண்டாம் பதிப்பில் இருந்தது 200 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 மெகாபைட் நினைவகம். ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, முகவரியைத் திருத்தி, மறுபக்கம் தள்ளும் வேலையில் இது நொடிக்கு முப்பது மெகாபிட் சுற்றுவட்டத்திலேயே மூச்சு வாங்கும். இன்றைய ஃபைபர் திட்டங்களுக்கு இது காணவே காணாது. ஆனால் ஒன்றாம் துளையிலிருந்து மூன்றாம் துளைக்குப் போகும் பொட்டலம் செயலியை எட்டிப் பார்ப்பதே இல்லை. சிப்புக்குள்ளேயே திரும்பி, கேபிள் தாங்கக்கூடிய முழு நூறு மெகாபிட் வேகத்தில் போய்விடும். ரவுட்டராக ஓய்வு பெற வேண்டிய வயதை எட்டிய பெட்டி, சுவிட்சாக இன்னும் முழு உடல்நலத்தோடு இருப்பதன் ரகசியம் இது.

அந்தச் சிப் அப்படி என்னதான் செய்கிறது? நெட்வொர்க்கில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. ஈத்தர்நெட் கேபிளில் போகும் பொட்டலத்தின் தொடக்கத்தில் ஆறு பைட்டில் பெறுநர் முகவரி, அடுத்த ஆறு பைட்டில் அனுப்புநர் முகவரி. டிவி இரண்டாம் துளையில் இருக்கிறது, கணினி மூன்றாம் துளையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியை இப்போதுதான் போட்டோம், சிப்புக்கு யாரையும் தெரியாது. கணினி டிவிக்கு ஒரு பொட்டலம் அனுப்புகிறது. சிப் முதலில் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, ‘இந்த முகவரி மூன்றாம் துளைப் பக்கம்’ என்று தன் அட்டவணையில் எழுதிக்கொள்கிறது. பிறகு பெறுநரைத் தேடுகிறது. அட்டவணையில் இல்லை. உடனே, பொட்டலம் வந்த துளையைத் தவிர மற்ற எல்லாத் துளைகளிலும் அதன் நகலை அனுப்பிவிடுகிறது. தனக்கானது இல்லாத கருவிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. டிவி எடுத்துக்கொண்டு பதில் அனுப்புகிறது. அந்தப் பதிலின் அனுப்புநர் முகவரியிலிருந்து டிவி இருப்பது இரண்டாம் துளையில் என்பது தெரிந்துவிடுகிறது. அந்தப் பதிலிலிருந்தே இரண்டுக்கும் மூன்றுக்கும் மட்டுமே போக்குவரத்து. மற்ற துளைகளுக்கு இந்தப் பேச்சு கேட்காது.

அவ்வளவுதான் சுவிட்ச். யாரும் அதற்கு முகவரி சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகினாலும் அடுத்த பொட்டலத்தில் திருத்திக்கொள்ளும். ஐந்து நிமிடம் பேச்சுமூச்சில்லாத முகவரியை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுவது வழக்கமான அமைப்பு. எனக்குத் தெரிந்து, இவ்வளவு குறைந்த விதிகளில் இவ்வளவு உருப்படியான வேலை செய்யும் கருவி கணினி உலகில் அதிகம் இல்லை.

இந்த எளிமைக்கு வந்து சேர உலகத்துக்குக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் பிடித்தன. தொடக்கம் கேபிளில்கூட இல்லை, வானொலியில். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர், தீவுகளுக்கு இடையே கணினித் தகவலை வானொலி அலையில் அனுப்பும் அலோஹாநெட்டை இயக்கினார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டுவிடும். கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும். இந்த யோசனையைப் படித்து மேம்படுத்திய ராபர்ட் மெட்காஃப், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் 1973 மே 22 அன்று எழுதிய குறிப்பில்தான் ஈத்தர்நெட் பிறந்தது. டேவிட் பாக்ஸ் அவருடன் சேர்ந்து அதைக் கட்டி எழுப்பினார். கட்டடம் முழுக்க ஒரே தடித்த கேபிள், எல்லாக் கணினிகளும் அதில்தான் தொங்கும். முதல் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட். 1980இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து பத்து மெகாபிட் ஈத்தர்நெட்டைப் பொதுவில் வைத்தன. மேலே சொன்ன 48 பிட் முகவரியை வகுத்தவர்களில் ஒருவர் யோகன் தலால், மும்பை ஐ.ஐ.டி.யில் படித்தவர். இன்று உங்கள் செல்போனின் வைஃபைக்கு இருப்பதும் அதே 48 பிட் முகவரிதான்.

ஒரே கேபிளில் எல்லோரும் தொங்கினால் கூட்டம் கூடக் கூட மோதலும் கூடும். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எண்பதுகளில் டிஜிட்டல் நிறுவனத்தின் பொறியாளர்கள் இரண்டு கேபிள்களுக்கு நடுவே முகவரியைப் படித்துக் கற்றுக்கொள்ளும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். அதற்குப் பிரிட்ஜ் என்று பெயர். அந்த யோசனையை விரித்து, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வாசல் கொடுத்த முதல் ஈத்தர்நெட் சுவிட்ச் 1990இல் வந்தது. ஏழு துளைகள் கொண்ட அந்தப் பெட்டியைச் செய்தது கலிஃபோர்னியாவின் கல்பனா என்ற நிறுவனம். நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். பொட்டலம் முழுதாக உள்ளே வரும்வரை காத்திருக்காமல், பெறுநர் முகவரியைப் படித்த கணமே மறுபக்கம் அனுப்பத் தொடங்கும் உத்தி கல்பனாவின் சிறப்பு. 1994இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. சிஸ்கோவின் சுவிட்ச் வியாபாரம் வளர்ந்ததில் இந்தக் கல்பனாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள், தனி வாசல் என்று ஆனதும் மோதல் என்ற பேச்சே ஒழிந்தது. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தது. வைஃபை மட்டும் இன்னும் ஏறக்குறைய அலோஹா காலத்து நிலையில்தான் இருக்கிறது. காற்று ஒன்று, அதில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். புதிய தலைமுறை வைஃபைகள் இதைச் சாமர்த்தியமாகச் சமாளிக்கின்றன, ஆனால் அடிப்படை மாறவில்லை. மணிக்கணக்கில் படம் இழுக்கும் டிவியைக் கேபிளுக்கு மாற்றினால் டிவிக்கு மட்டும் லாபம் என்று நினைக்க வேண்டாம். அது விட்டுவிட்டுப் போன காற்றில் வீட்டில் உள்ள செல்போன்கள் எல்லாம் தாராளமாகப் பேசிக்கொள்ளும். கேபிள் இழுக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இதுதான்.

இனி, இறக்கி வைக்க வேண்டிய வேலைகள். ரவுட்டரின் செயலி செய்யும் பல வேலைகளில் நமக்கு இடைஞ்சலானவை இரண்டு. ஒன்று, முகவரி மாற்றம். வீட்டுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வெளியுலகில் ஒரே ஐ.பி. முகவரியைக் காட்டும் இந்த உத்திக்கு நேட் என்று பெயர், 1994இல் வகுக்கப்பட்டது. இன்டர்நெட் துளையில் கேபிளைச் செருகாமலே விட்டுவிட்டால் இந்த வேலை தானாக நின்றுவிடும். இரண்டாவது வேலைதான் வில்லங்கமானது. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி. இது.

புதிதாக இணைந்த செல்போன், “இங்கே முகவரி கொடுப்பவர் யார்?” என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு பொட்டலம் விடும். வழக்கமாக ஒருவர்தான் பதில் சொல்வார். பழைய ரவுட்டரை அப்படியே கொண்டுவந்து செருகினால் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். ஒரே டாக்டரின் கிளினிக்கில் இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுப்பதைப் போன்றது இது. ஒரே எண் இரண்டு பேர் கையில் இருக்கும். போதாதற்குப் பழைய ரவுட்டர், “வெளியே போக வேண்டுமானால் என் வழியாகப் போ” என்றும் சேர்த்துச் சொல்லும். அதற்கு வெளியே வழியே கிடையாது. யாருடைய பதில் முதலில் வருகிறதோ அதையே பெரும்பாலான கருவிகள் எடுத்துக்கொள்ளும். விளைவு, வீட்டில் ஒருவருக்கு நெட் வரும், இன்னொருவருக்கு வராது, அரை மணி கழித்து நிலைமை தலைகீழாகும். இந்த மாதிரிக் கோளாறில் எல்லோரும் ஃபைபர்காரரைத்தான் திட்டுவார்கள்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பழைய ரவுட்டரை வேறு எதோடும் இணைக்காமல் தனியாக வையுங்கள். பாஸ்வேர்டு மறந்திருந்தால் பின்னால் உள்ள ரீசெட் துளையில் ஊசியையோ குண்டூசியையோ விட்டுப் பத்து நொடி அழுத்தினால் புதிதாக வாங்கிய நிலைக்கு வந்துவிடும். கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதிலிருந்து ஒரு கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் துளைகளில், அதாவது 1 முதல் 4 வரை எண் போட்டவற்றில், ஒன்றில் செருகுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்பது போல ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் தட்டினால் நிர்வாகப் பக்கம் வரும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபையை அணையுங்கள்.

அடுத்தது பெட்டியின் சொந்த முகவரி. உங்கள் ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால், பழைய ரவுட்டருக்கு 192.168.1.2 என்று கொடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை ஃபைபர் பெட்டி வேறு யாருக்காவது கொடுத்துவிடக் கூடாது. அதன் டி.எச்.சி.பி. பக்கத்தில் எந்த எண் முதல் எந்த எண் வரை வழங்குகிறது என்று பாருங்கள். 2இலிருந்தே தொடங்கினால் 20இலிருந்து தொடங்கும்படி மாற்றிவிடுங்கள். பழைய ரவுட்டரில் புது முகவரியைச் சேமித்ததும் பக்கம் உறைந்து நின்றது போல் தோன்றும். பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் பேசிக்கொண்டிருந்த முகவரியை விட்டு அது குடிபெயர்ந்துவிட்டது. கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு, புது முகவரியைத் தட்டி மறுபடி உள்ளே போங்கள்.

கடைசியாக டி.எச்.சி.பி.யை அணையுங்கள். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதை அணைத்த பிறகு உங்கள் கணினிக்கே முகவரி கொடுக்க ஆள் இருக்காது. முதலிலேயே அணைத்துவிட்டால், மற்ற மாற்றங்களைச் செய்யக் கணினிக்குக் கையால் ஒரு முகவரியை எழுதிக்கொடுத்துத்தான் உள்ளே நுழைய வேண்டும். செய்யலாம், ஆனால் வீண் அலைச்சல்.

இப்போது ஃபைபர் பெட்டியின் லேன் துளையிலிருந்து ஒரு கேபிளைக் கொண்டுவந்து பழைய ரவுட்டரின் லேன் துளை ஒன்றில் செருகுங்கள். இன்டர்நெட் துளையில் இல்லை, லேன் துளையில். மிச்சமிருக்கும் மூன்றிலும் டிவி, ரெக்கார்டர், கணினி. இன்டர்நெட் துளையின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவது நல்லது. கொஞ்சம் புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோடு’ என்று ஒரு தேர்வு இருக்கும். இருந்தால் இவ்வளவு வேலையும் ஒரே சொடுக்கில் முடிந்துவிடும். இன்டர்நெட் துளையும் மற்றவற்றோடு சேர்ந்துகொள்வதால் ஒரு துளை கூடுதலாகவும் கிடைக்கும்.

டேப் எதற்கு என்று கேட்கலாம். ரீசெட் ஆகிப் பழைய அமைப்புக்குத் திரும்பிய பெட்டியில், தவறிப்போய் இன்டர்நெட் துளையில் செருகினாலும் பெரும்பாலும் நெட் வரும், அதுதான் சிக்கல். வேலை செய்கிறதே என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்தத் துளைக்குப் பின்னால் செயலி உட்கார்ந்திருக்கிறது. மெதுவான அந்த முப்பது மெகாபிட் வழி, முகவரி மாற்றத்தின் மேல் இன்னொரு முகவரி மாற்றம், எல்லாம் திரும்பி வந்துவிடும். கணினியிலிருந்து இணையதளம் திறக்கும், ஆனால் செல்போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப முடியாது. டிவியே கண்ணில் படாது. வெளியிலிருந்து உள்ளே பேச்சைத் தொடங்க விடாததுதான் ரவுட்டரின் குணம்.

இன்னொரு தவறு இதைவிட மோசமானது. வேகம் இரட்டிப்பாகும் என்று நினைத்து இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இரண்டு கேபிள் போடுகிறவர்கள் உண்டு. மேசைக்கு அடியில் தொங்கும் கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் அதே பெட்டியில் செருகிவிடுவதும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படும் பொட்டலம் ஒன்று இந்த வளையத்தில் அகப்பட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் மற்ற துளைகளுக்கெல்லாம் நகல் அனுப்பிக்கொண்டே. ஐ.பி. பொட்டலத்தில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து பூச்சியத்தில் செத்துவிடும். ஈத்தர்நெட் உறையில் அப்படி ஏதும் கிடையாது. சில நொடிகளில் வீட்டின் மொத்த நெட்வொர்க்கும் நின்றுவிடும். விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல் மின்னுவதைப் பார்த்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரு கேபிளைப் பிடுங்கினால் உடனே சரியாகிவிடும். இத்தகைய வளையங்களைத் தானே கண்டுபிடித்து ஒரு வழியை மூடிவைக்கும் முறையை 1985இலேயே ராடியா பெர்ல்மன் டிஜிட்டல் நிறுவனத்தில் வடிவமைத்துவிட்டார். அலுவலக சுவிட்சுகளில் அது உண்டு. நம் பரணில் கிடக்கும் ரகத்தில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வேகம் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட வேண்டும். பழைய ரவுட்டர்களின் துளைகள் பெரும்பாலும் நூறு மெகாபிட் ரகம். மேல்செலவெல்லாம் கழித்து நடைமுறையில் 94 மெகாபிட் அளவில் கிடைக்கும். டிவி, ரெக்கார்டர், கணினி மூன்றும் வெளியே போகும் ஒரே கேபிளில் இதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 4கே படத்துக்கு 25 மெகாபிட் தாராளம், கேமராவுக்குச் சில மெகாபிட் போதும் என்பதால் பெரும்பாலான வீடுகளில் இது பிரச்சினையே இல்லை. மாதாமாதம் 300 மெகாபிட்டுக்குக் காசு கட்டிவிட்டு அதைக் கணினியில் முழுதாகப் பார்க்க வேண்டும் என்பவர் இந்த அத்தியாயத்தை மறந்துவிட்டு ஜிகாபிட் சுவிட்ச் வாங்குவதே சரி. கேபிளையும் கவனியுங்கள். நூறு மெகாபிட்டுக்கு உள்ளிருக்கும் எட்டு கம்பிகளில் நான்கு போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தால்கூட ஜிகாபிட் துளைகள் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். பழைய கேபிளில் இணைப்பு வருகிறது, வேகம் மட்டும் வரவில்லை என்றால் இங்கேதான் தேட வேண்டும்.

மின்செலவு? வைஃபை அணைத்த பழைய ரவுட்டர் ஐந்து வாட் இழுக்கிறது என்று கொண்டால், இரவுபகலாக ஓடி ஆண்டுக்கு 44 யூனிட் வரும். இரண்டு மாதத்துக்கு ஏழு யூனிட்டுக்கும் சற்று அதிகம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் சிலருக்கு இது கணக்கிலேயே வராது. ஆனால் புதிதாக வாங்கும் சின்ன சுவிட்ச் இதில் பாதியையோ அதற்கும் குறைவாகவோதான் இழுக்கும். மின்சாரம் சேமிக்கப் பழையதைப் பயன்படுத்துகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. குப்பையைக் குறைக்கிறேன் என்று சொல்லலாம். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது; முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. உங்கள் ஒரு ரவுட்டரால் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை என்பது உண்மைதான். நல்ல நிலையில் உள்ள ஒரு சுவிட்சைக் குப்பையில் போட்டுவிட்டு அதே போல் இன்னொன்றை வாங்குவது அசட்டுத்தனம் என்பதும் உண்மைதான்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பெட்டியை இணையத்துக்கு நேர் எதிரே மறுபடி வைக்காதீர்கள். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் உலகமெங்கும் ஐந்து லட்சத்துக்கும் குறையாத ரவுட்டர்களிலும் அது போன்ற கருவிகளிலும் புகுந்திருந்தது. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சுவிட்சாக இருக்கும்போது பழைய ரவுட்டர் அந்த முன்வரிசையில் இல்லை. ஆனாலும் அதன் நிர்வாகப் பக்கம் வீட்டுக்குள் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தொழிற்சாலை கொடுத்த பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றச் சொன்னது அதனால்தான்.

நாம் மாற்றிய எல்லாமே மென்பொருள் அமைப்புகள் மட்டும். ரீசெட் பொத்தானை யாராவது பத்து நொடி அழுத்திவிட்டால், அந்தப் பெட்டி தன் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பி முகவரி கொடுக்கத் தொடங்கிவிடும். ஓராண்டு கழித்து அப்படி நடந்தால் நீங்கள் செய்துவைத்தது உங்களுக்கே நினைவிருக்காது. ஆகவே ஒரு துண்டுத் தாளில் ‘சுவிட்ச்’ என்று எழுதி, அதன் கீழே புது முகவரியையும் ‘டி.எச்.சி.பி. அணைத்திருக்க வேண்டும்’ என்பதையும் எழுதி, பெட்டியின் தலைமேல் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுத வேண்டாம்.